துரையின் முதுகில் விழுந்த சடை

உள்ளங்கையில் ஒரு கட்டி மயிரை வைத்துக்கொண்டு வீட்டுக்கார அம்மா என் அறை வாசலில் நின்ற அந்தக் காலைநேரம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. சாம்பல் நிற மயிர். தேங்காய்த் தும்பை நனைத்து உருட்டிக் காயவைத்ததுபோல இறுகிக் கிடந்தது. அவர் அறைக்குள் வரவில்லை. கதவு நிலைக்கு வெளியே நின்று கையை மட்டும் உள்ளே நீட்டினார்.

"தம்பி, இது என்னெண்டு சொல்லுங்கோ பாப்பம்."

"பூனை மயிர்போலக் கிடக்கு, அம்மா."

"பூனை மயிர்தான். அதிலை என்னத்தைப் பூசியிருக்கெண்டு கேக்கிறன்."

கேட்டவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, மேசையைப் பார்த்தார். சீவி வரிசையாக வைத்த பென்சில்களுக்குப் பக்கத்தில், கடதாசி ஒட்டும் என் கம் போத்தல் இருந்தது. அதற்குப் பக்கத்தில் கத்தரிக்கோல். இரண்டையும் பார்த்துவிட்டு, கையை மூடிக்கொண்டு போய்விட்டார்.

அப்போது அறுபதுகளின் தொடக்கம். திருகோணமலைத் துறைமுகத்துக்கு அருகே ஒரு கந்தோரில் எனக்கு எழுதுவினைஞர் வேலை. ஊர் யாழ்ப்பாணம். கந்தோருக்கு நடந்து போகும் தூரத்தில் இருந்த அந்த வீட்டில் நாங்கள் நான்கு பேர் அறை எடுத்துத் தங்கியிருந்தோம். சுங்கத்தில் வேலைபார்த்தவர் ஒருவர், வாத்தியார் ஒருவர், தேயிலைக் களஞ்சியத்தில் கணக்கெழுதியவர் ஒருவர், நான். இருப்பும் சாப்பாடும் ஒரே இடத்தில். வீட்டுக்கார அம்மாவின் கணவர், கடற்படைத் தளம் இங்கிலீசுக்காரர் கையில் இருந்த காலத்தில், ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் பங்களாவில் தோட்டவேலை செய்தவர். அதிகாரி கப்பலேறியபோது தன் நீள மயிர்ப் பூனையை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனாராம். பூனைக்குத் 'துரை' என்று பெயர் வைத்தார்கள். அடுத்த மழைக்காலத்தில் கணவர் காய்ச்சலில் இறந்துவிட்டார். துரை மட்டும் மிஞ்சியது.

நான் போனபோதே துரை ஒரு தலையணை அளவுக்கு இருந்தது. நடந்தால் வயிறு இரண்டு பக்கமும் ஆடும். சன்னலில் ஏற முயன்று பாதியில் யோசித்துவிட்டு விட்டுவிடும். எனக்குப் பூனைகளில் விருப்பமும் இல்லை, வெறுப்பும் இல்லை. அதைத் தொட்டதில்லை, கூப்பிட்டதில்லை. மற்ற மூவரும் மடியில் வைத்துக் கொஞ்சுவார்கள். அந்த வீட்டில் என்மேல் சந்தேகம் விழுந்ததற்கு இதுவே முதற் காரணம். நான் யாழ்ப்பாணத்தான் என்பது இரண்டாவது. "யாழ்ப்பாணத்தார் அழுத்தமான ஆக்கள், முகத்திலை ஒண்டும் தெரியாது" என்று வீட்டுக்கார அம்மா வாத்தியாரிடம் சொன்னதை என் காதாலேயே கேட்டேன். வாத்தியார் அதை மறுக்கவில்லை.

அன்றுமுதல் துரையின் முதுகில் சடை கூடிக்கொண்டே போனது. வாலடியிலும் பின்னிடுப்பிலும் கட்டிகட்டியாக விழுந்தது. தொட்டால் சீறியது. வீட்டுக்கார அம்மா ஒருநாள் துரையை வாளித் தண்ணீரில் அமுக்கி, உடுப்புத் தோய்க்கும் சவர்க்காரம் போட்டு உரஞ்சிக் கழுவினார். என் பசையைக் கரைக்கத்தான் கழுவுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. காய்ந்தபின் பார்த்தால், முன்பு பஞ்சாக இருந்த கட்டிகள் கயிறாக இறுகியிருந்தன. அதற்கும் நானே காரணமாகிவிட்டேன். "என்ன சாமானோ, சவுக்காரத்துக்கும் அசையுதில்லை" என்று குசினியிலிருந்து எனக்குக் கேட்கும்படி சொன்னார். நான் கந்தோருக்குப் போகும் நேரத்தில் துரையை வெளியே விடுவார். நான் திரும்பி வரும் சத்தம் கேட்டால் தூக்கிக்கொண்டு போய் உள்ளே அடைப்பார். கம் போத்தலை நான் கந்தோரிலேயே விட்டுவிட்டு வந்தேன். "ஒளிச்சுப்போட்டார்" என்றார்.

சாதாரண காலமாக இருந்திருந்தால் வேறு அறை பார்த்துக்கொண்டு போயிருப்பேன். ஆனால் அந்த மாதம் ஊரிலிருந்து வந்த ஒருவர் என் அக்கா சொல்லிவிட்ட செய்தியைக் கொண்டுவந்தார். எனக்கு ஒரு சம்பந்தம் பொருந்தியிருக்கிறது, பெட்டையின் தாய்மாமன் எந்த நேரமும் திருகோணமலைக்கு வரக்கூடும், கவனமாக இரு என்பதே செய்தி. வெளியூரில் வேலைபார்க்கும் மாப்பிள்ளையை எங்கள் பக்கத்தில் விசாரிக்கும் முறை அது. கந்தோருக்குப் போகமாட்டார்கள். தங்கியிருக்கும் வீட்டுக்கு, சொல்லாமல் கொள்ளாமல், வேறு அலுவலாக வந்ததுபோல வருவார்கள். சோறு போடுகிறவரிடம் இரண்டு வார்த்தை கேட்பார்கள். அந்த இரண்டு வார்த்தையில் கலியாணம் ஒப்பேறும், அல்லது குழம்பும். பெட்டையை நான் ஒருமுறை, அக்கா வீட்டுக்கு அயலில் நடந்த ஒரு கலியாணத்தில் பார்த்திருந்தேன். அந்தச் சம்பந்தம் குழம்பக் கூடாது என்று நினைக்கும் அளவுக்குப் பார்த்திருந்தேன். என்னைப்பற்றிச் சொல்லப்போகிறவரோ, வாயில்லாச் சீவனுக்குப் பசை பூசுகிறவன் என்று என்னை முடிவுகட்டியிருந்தார்.

ஆகவே நானும் சந்தேகப்படத் தொடங்கினேன். சுங்கக்காரர் ஏன் என்னைக் கண்டால் சிரிக்கிறார்? கணக்கெழுதுகிறவரின் சட்டைப்பையில் தேயிலைப் பெட்டிக்கு ஒட்டும் சீட்டுகள் ஏன் கிடக்கின்றன? வாத்தியார் ஏன் சாப்பிட்டவுடன் துரையைக் கூப்பிட்டுக்கொண்டு முற்றத்துக்குப் போகிறார்? மூன்று பேரையும் பார்த்தேன். கடைசியில்தான் துரையைப் பார்த்தேன். அதை முதலில் செய்திருக்கவேண்டும்.

ஒரு மாலை அது முற்றத்தில் இருந்து நக்கிக்கொண்டிருந்தது. முன்னங்கால்கள், நெஞ்சு, தோள் எல்லாம் மினுங்கின. பிறகு முதுகை நக்கத் திரும்பியது. தலை பாதி தூரம் போனது. வயிறு நடுவில் நின்று மறித்தது. இன்னும் கொஞ்சம் எட்டிப் பார்த்து, நிலைதவறிப் பக்கவாட்டில் உருண்டு விழுந்தது. எழுந்து, யாரும் பார்த்தார்களா என்பதுபோல என்னைப் பார்த்தது. சடை விழுந்திருந்த இடங்களை நினைத்துப் பார்த்தேன். ஒன்றுகூட அதன் நாக்கு எட்டுகிற இடத்தில் இல்லை. பசை பூசுகிற ஒருவன் அவ்வளவு பார்த்துப் பார்த்துப் பூசமாட்டான்.

அப்படியானால் துரை ஏன் இவ்வளவு கொழுத்தது? "ஒரு பிடி சோறும் ஒரு மீன்தலையும். அதுக்கு மேலை நான் வைக்கிறதில்லை" என்று வீட்டுக்கார அம்மா எப்போதும் சொல்வார். அவர் பொய் சொல்கிறவர் அல்ல. அன்றிரவு சாப்பாட்டு மேசையில் நான் தலையைக் குனிந்தபடி மற்றவர்களைக் கவனித்தேன்.

மீன் பொரியலைப்பற்றிச் சொல்லவேண்டும். அது அந்த அம்மாவின் பெருமை. பாரை மீனைத் தடித்த துண்டாக வெட்டி, கரியாகும்வரை பொரிப்பார். பல்லில் பட்டால் பலகை. வேண்டாம் என்று சொல்ல ஏலாது. கையால் மறித்து "காணும்" என்றால் அது அவருக்குக் கேட்காது, இன்னொரு துண்டு விழும். நான் எடுத்த வேலையை முடிக்கிறவன். மீனையும் அப்படியே முடிப்பேன். முள்ளைப் பீங்கான் ஓரத்தில் அடுக்கி வைப்பேன். அது அவருக்குப் பிடிக்காது. "உவை மூண்டு பேரையும் பாருங்கோ தம்பி, முள்ளுக்கூட மிச்சமில்லை. நீங்கள்தான் விருப்பமில்லாமல் சாப்பிடுறியள்" என்பார்.

அன்று பார்த்தேன். சுங்கக்காரரின் இடது கை மேசைக்குக் கீழே போனது. கொஞ்ச நேரத்தில் வாத்தியாரின் கை. பிறகு கணக்கெழுதுகிறவருடையது. மேசைக்குக் கீழே மெல்லிய உறுமலோடு ஒரு சப்பும் சத்தம் கேட்டது. மூவரின் பீங்கான்களும் துடைத்ததுபோல இருந்தன. பாரை மீனை முள்ளோடு தின்னும் மனிதர் உலகத்தில் இல்லை என்பது அதுவரை எனக்கு ஏன் தோன்றவில்லை?

இதைச் சொல்லி என்னைக் காப்பாற்றிக்கொள்ளலாம். ஆனால் அதைச் சொல்வது, அம்மா, உங்கள் மீனை இந்த வீட்டில் ஒருவரும் தின்பதில்லை என்று சொல்வதாகிவிடும். சொல்ல வாய் வரவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை குசினி வாசலில் நின்று, துரையின் சடையை நான் எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். அவர் என்னை நெடுநேரம் பார்த்தார்.

"எனக்கு முன்னாலை இருந்து எடுக்கிறதெண்டால் எடுங்கோ."

விறாந்தையில் பாய் விரித்து, துரையை மடியில் வைத்தேன். அவர் எனக்கு எதிரே கதிரை போட்டு, விளக்குமாற்றை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். தண்ணீர் பட்டு இறுகியதைக் கண்டிருந்தபடியால் ஈரம் வைக்கவில்லை. முகத்துக்குப் போடும் பவுடரைக் கட்டிமேல் தூவினேன். தோலோடு சேரும் இடத்தை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விரலால் பிரித்தேன். பிரியாத இடத்தில், சீப்பைத் தோலுக்கும் கட்டிக்கும் நடுவே செருகி, சீப்புக்கு மேலே மட்டும் வெட்டினேன். கத்தரிக்கோலை எடுத்தபோது விளக்குமாறு கொஞ்சம் உயர்ந்தது. துரை முதலில் சீறியது, பிறகு முனகியது, பிறகு என் முழங்கையில் தாடையை வைத்துக்கொண்டு கிடந்தது. சடைக்குக் கீழே தோல் சிவந்து புண்ணாகியிருந்தது. அதைக் கண்டதும் அவர் விளக்குமாற்றைக் கீழே வைத்தார்.

வெட்டிய கட்டி ஒன்றை எடுத்து விரலால் பிய்த்தார். மூக்கருகே வைத்து மணந்து பார்த்தார். நாக்கு நுனியிலும் வைத்துப் பார்த்தார்.

"பசை இல்லை."

"இல்லை, அம்மா. துரைக்கு முதுகு எட்டுதில்லை. வயிறு விடுகுதில்லை."

"நான் ஒரு பிடி சோறுதானே குடுக்கிறன்."

நான் சீப்பைத் துடைத்தேன். அவர் கையில் இருந்த மயிரை மறுபடியும் மணந்தார். பிறகு மற்ற மூவரின் அறைக் கதவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை. ஒரு கணக்கைத் திரும்பக் கூட்டிப் பார்ப்பவரின் முகம்.

"உங்கடை பீங்கானிலை மட்டும்தான் முள்ளுக் கிடக்கிறது, என்ன?" என்றார் மெல்ல.

அந்த நேரம் பார்த்துப் படலை திறந்தது. நெற்றி நிறையத் திருநீறோடு, தோளில் சால்வையோடு ஒருவர் வந்து நின்றார். "கோணேசரைக் கும்பிட வந்தனான். தம்பியின்ரை அக்கா வீட்டுக்குத் தெரிஞ்ச ஆள். அப்பிடியே ஒருக்கால் பாத்திட்டுப் போவமெண்டு..." என்று இழுத்தார். யார் என்று எனக்கு விளங்கிவிட்டது. எழும்ப முடியவில்லை, மடியில் துரை நித்திரை. முழங்கைவரை வெள்ளைப் பவுடர், சட்டை முழுக்க மயிர், கையில் கத்தரிக்கோல். அவர் என்னை மேலும் கீழும் பார்த்த பார்வையில் சம்பந்தம் குழம்பிவிட்டது என்றே நினைத்தேன்.

வீட்டுக்கார அம்மா அவரை உள்ளே கூட்டிப்போய்த் தேத்தண்ணி கொடுத்தார். சன்னல் திறந்திருந்தது. ஒவ்வொரு சொல்லும் எனக்குக் கேட்டது.

"பிள்ளை எப்பிடி? பழக்கவழக்கம்?"

"குடி இல்லை. சுருட்டு இல்லை."

"கதை பேச்சு?"

"வாய் திறக்கிறேல்லை. திறக்க வேண்டிய இடத்திலையும் திறக்கிறேல்லை." நான் சீப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். "ஒண்டு மட்டும் சொல்லுறன் ஐயா. உங்கடை பெட்டைக்குச் சமையல் தெரியாட்டிலும் கவலைப்படாதையுங்கோ. இவர் வைக்கிறதைத் தின்னுவார். தின்னேலாததையும் தின்னுவார்."

தாய்மாமன் வாய்விட்டுச் சிரித்தார். வீட்டுக்கார அம்மா சிரிக்கவில்லை.

அடுத்த நாளிலிருந்து மற்ற மூவருக்கும் பருப்பும் கீரையும் வந்தன. "மீன் வரேல்லை" என்பார். எனக்கு மட்டும் பாரைத்துண்டு வந்தது. கருகாமல், பொன்னிறத்தில். மூவரும் என்னைப் பார்த்த பார்வையை நான் கவனிக்காததுபோல இருந்தேன். அடுத்த மாரி முடிவதற்குள் துரைக்குத் தன் முதுகு எட்டியது.

கலியாணம் நடந்தது. தாய்மாமன் அந்தச் சொல்லைத் தன் மருமகளிடம் அப்படியே ஒப்பித்திருக்கிறார். இத்தனை வருடம் கழித்தும் என் மனைவி அதை மறக்கவில்லை. அவருடைய கைப்பக்குவத்துக்கு எங்கள் ஒழுங்கையில் எல்லா வீட்டிலும் நல்ல பெயர் உண்டு. ஆனாலும் நான் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, சில நாட்களில், கறிச்சட்டியும் கையுமாகப் பக்கத்தில் வந்து நின்றுவிடுவார்.

"நல்லாய்க் கிடக்கோ?"

"ஓம்" என்பேன். உண்மையாகவே நன்றாக இருக்கும்.

அவர் போகமாட்டார். கண்ணைச் சுருக்கி, என் முகத்தில் ஏதாவது தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே நிற்பார்.