ஐஸ் பெட்டிக்குள் ஓர் அமெரிக்க நடிகர்

வெள்ளிக்கிழமை, காலை 7.20. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸின் தெருவோர ஒட்டுக்கடையில் ஒரு தே தாரிக், இழுத்து ஆற்றிய தேநீர், இரண்டு ரிங்கிட் ஐம்பது சென். இரவு மழை பெய்த தெரு. பூக்கடைகளின் ஈரம். தலைக்கு மேல் வழுக்கிப் போகும் மோனோரயில். குடித்து முடிக்கும்வரை உட்கார என்னால் முடியவில்லை. கோப்பையைப் பிடித்துக்கொண்டே நடைபாதையில் உலாத்தினேன். மறுநாள் இரவு எனக்குச் சென்னை விமானம். அதற்குள் கிள்ளானில் ஒரு முகத்தைப் பார்த்துவிட வேண்டும்.

முகத்தின் சொந்தக்காரர் ஆர்லோ ஃபென்விக். நூறாண்டுகளுக்கு முந்தைய அமெரிக்க நடிகர். கூடாரத்துக்குக் கூடாரம் நாடகம் போட்டு வளர்ந்தவர். கடைசி வரிசையில் தூங்குகிறவனையும் எழுப்பும் குரல் என்று பழைய பத்திரிகைகள் எழுதின. நாற்பதைத் தாண்டியபின் ஊமைப்படத்துக்காரர்கள் அழைத்தார்கள். குரலைக் கழற்றி வைத்துவிட்டு முகத்தை மட்டும் கொடுத்தார். நீதிபதி, தகப்பன், கப்பல் தலைவன். படம் பேசத் தொடங்கியபோது அந்தக் குரலுக்குத் தேவை வந்தது. அதற்குள் தொண்டையில் நோய் வந்துவிட்டது. அவருடைய படங்கள் சில எரிந்தன, சில உருக்கப்பட்டன. ஒன்றும் மிஞ்சவில்லை என்றுதான் அவரைப் பற்றிய புத்தகத்தில் ஆறு வருடமாக நானும் எழுதிக்கொண்டிருந்தேன். பிறகு, கிள்ளான் துணிக்கடை ஒன்றின் முகநூல் பக்கத்தில் பட்டுப் புடவைகளுக்கு நடுவே ஒரு துண்டு படச்சுருளின் புகைப்படம் வந்தது. அதில் அவர் இருந்தார்.

காலை 10.15, கிள்ளான். கேஎல் சென்ட்ரலிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். கட்டணம் ஐந்து ரிங்கிட்டுக்குள். ஜாலான் தெங்கு கிளானாவில் கடையை அப்போதுதான் திறந்திருந்தார் மைமூன் அக்கா. அறுபது வயதிருக்கும். அவருடைய பாட்டனாரின் தகப்பனார் தோட்டம் தோட்டமாகக் கூடாரம் அடித்துப் படம் காட்டியவர்; திரைக்குப் பக்கத்தில் நின்று, வாயசைக்கும் வெள்ளைக்காரர்களுக்குத் தமிழில் வசனம் சொன்னவர். பிறகு துணி வியாபாரத்துக்கு வந்துவிட்டார். ஒரு சுருள் மட்டும் கடையோடு தங்கிவிட்டது.

மாடியில், பட்டு அடுக்கின் கடைசித் தட்டில் துருப்பிடித்த தகர டப்பா. அக்கா மூடியைத் திறந்ததும் மூக்கைக் குத்தும் புளித்த நெடி.

“ஹரி ராயா பெருநாள் வியாபாரம் முடிஞ்சதும் பட்டுப் பொடவையெல்லாம் பிரிச்சு மடிப்பு மாத்தி வைப்போம் தம்பி. ஒரே மடிப்புல கெடந்தா பட்டு அந்த எடத்துல வெட்டிப்போகும். இதையும் அப்படித்தான். பிரிச்சு, மெத்துனு துணியால தொடச்சு, திருப்பிச் சுத்தி வைப்போம்.”

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அந்தக் காலத்துப் படச்சுருள் நைட்ரேட்டால் ஆனது என்றேன். கெட்டுப்போகத் தொடங்கினால் வெயில் சூட்டிலேயே பற்றிக்கொள்ளும் என்றேன். தண்ணீர் ஊற்றினாலும் அணையாது என்றும் சொல்லித் தொலைத்தேன்.

அக்கா டப்பாவைப் பார்த்தார். பட்டு அடுக்கைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“நாலு தலைமொறையா வெடிய வச்சுக்கிட்டா தூங்குனோம்? இனி ஒரு நிமிஷம் இங்க இருக்கக்கூடாது. பொம்பாவக் கூப்பிடறேன்.”

பொம்பா என்றால் தீயணைப்புப் படை. அவர்கள் வந்தால் நனைத்து அழித்துவிடுவார்கள். அவர்கள் வேலை அது.

பெட்டாலிங் ஜெயாவில் குளிரறை வைத்துப் பழைய படங்களைப் பராமரிக்கும் கவிதாவுக்குப் போன் செய்தேன். கெட்டதன் அடையாளமான பழுப்பு நுரை சுருளின் விளிம்பில் இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது.

“என் குளிர் வண்டி ஈப்போவுக்குப் போயிருக்கு சார். திங்கக்கெழமை நானே வரேன். சாதாரண கார்ல தூக்கிட்டு வராதீங்க.”

திங்கட்கிழமை நான் சென்னையில் இருப்பேன். அதற்குள் பொம்பா சுருளை அழித்திருக்கும். “ஏற்பாடு பண்ணிட்டேன்” என்று பொய் சொன்னேன். மூடியை இறுக்காதீர்கள், வெயில் படவிடாதீர்கள், ஒரு மணிக்குள் வாருங்கள் என்றார் அவர். நானே எடுத்துப்போகிறேன் என்றதும், பக்கத்துக் கடைக்குக் காப்பார் ஊரிலிருந்து மீன் வந்த ஐஸ் பெட்டியை அக்கா வாங்கித் தந்தார். டப்பாவைச் சுற்ற ஒரு புதுக் கைலியும் கிழித்துத் தந்தார்.

காலை 11.25. போனில் அழைத்த கார் வந்தது. இருபத்தைந்து கிலோமீட்டர், முப்பத்தெட்டு ரிங்கிட். ஓட்டுநர் குணாவுக்கு முப்பது வயதிருக்கும். பின்னிருக்கையில் பெட்டியோடு ஏறினேன். உள்ளே என்ன என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

பகல் 12.05. ஷா ஆலம் தாண்டி ஃபெடரல் நெடுஞ்சாலை உறைந்து நின்றது. முன்னால் எங்கோ லோரி கவிழ்ந்திருந்தது. சாலையெங்கும் கண்ணாடியும் இரும்பும் வெயிலும். ஏசி ஒருமுறை செருமியது. பிறகு வெறும் காற்றை ஊதியது. பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டேன். பெட்டி சுடுகிறதா, என் கைதான் சுடுகிறதா என்று தெரியவில்லை.

“அண்ணே, மீனா அது? வாடை ஒரு மாதிரியா இருக்கே லா.”

“மீன் இல்ல தம்பி.”

“பின்ன?”

சொன்னேன். மேடை, குரல், முகம் என்று நான் தொடங்க, அவர் கண்ணாடியில் என் கண்ணைப் பிடித்தார்.

“அதெல்லாம் இருக்கட்டும் boss. தீப்பத்துமா, பத்தாதா?”

“சூடேறினா பத்தலாம்.”

“எனக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைங்க. கார் இன்னும் அஞ்சு வருஷம் லோன். இத ஏறும்போது சொல்லணும்ல?”

அவர் கையால் கதவைக் காட்டினார்.

“எறங்குங்க. பெட்டியத் தூக்கிட்டு எறங்குங்க.”

கதவைத் திறந்தேன். தார்ச்சாலையின் அனல் முகத்தில் அறைந்தது. அவரும் திரும்பி அந்த அனலைப் பார்த்தார்.

“இங்க வெயில்ல வச்சா?”

“இன்னும் சீக்கிரம் பத்தும்.”

“செத்தோம்டா சாமி. கதவ மூடுங்க!”

சிக்னல் விளக்கைப் போட்டு, ஹாரன் அடித்து, திட்டு வாங்கி, திருப்பித் திட்டி, முந்நூறு மீட்டரில் ஒரு மேம்பாலத்தின் நிழலுக்குள் காரைச் செருகினார். அப்பால் ஒரு பெட்ரோல் நிலையம் தெரிந்தது.

“அங்க ஐஸ் கெடைக்கும். இந்தச் சனியனோட பெட்ரோல் ஸ்டேஷனுக்குள்ள நான் வரமாட்டேன். நீங்க ஓடுங்க.”

ஓடினேன். ஐம்பத்திரண்டு வயதுக்கு அது ஓட்டம்தான். மூன்று பை ஐஸ், ஒன்பது ரிங்கிட். மீதியை வாங்கவில்லை. திரும்பி ஓடும்போது ஒரு நினைப்பு முதுகில் ஏறியது: ஆபத்திலிருந்து தூர ஓடியது நான், பெட்டியோடு நிற்பது அவர். எப்போதோ செத்த ஒருவரின் முகத்துக்காக, பெயரைப் போன் திரையில் மட்டுமே பார்த்த ஒருவரை நிறுத்திவிட்டு வந்திருக்கிறேன். புகை தெரிகிறதா என்று பாலத்தடியையே பார்த்துக்கொண்டு ஓடினேன்.

புகை இல்லை. நான்கு கதவும் விரியத் திறந்திருந்தன. கார்க் கண்ணாடிக்குப் போடும் வெள்ளி மறைப்பைப் பெட்டிமேல் விரித்துவிட்டு, ஒரு மடக்குக் குடையால் விசிறிக்கொண்டிருந்தார் குணா, பிரசவ வலி கண்ட ஆட்டைப் பார்த்துக்கொள்கிறவர் மாதிரி.

“வேகமா ஓடமாட்டீங்களா அண்ணே? நடந்தே போயிருப்பேன் நானு.”

பகல் 12.55. பெட்டாலிங் ஜெயா. தொழிற்சாலைகளுக்கு நடுவே ஜன்னலில்லாத ஒரு கட்டடம். வாசலுக்கு வந்த கவிதா காரைப் பார்த்தார், மீன்பெட்டியைப் பார்த்தார்.

“இதுதான் உங்க ஏற்பாடா சார்?”

கையுறை மாட்டிக்கொண்டு பெட்டியை வாங்கிப் போனார். கண்ணாடிக்கு வெளியே நானும் குணாவும் நின்றோம். வெளிச்சுற்று பாகாக உருகியிருந்தது. அதை வெட்டித் தண்ணீரில் போட்டார். அடுத்த சுற்று. அதற்கடுத்தது. என் ஆறு வருடம் துண்டு துண்டாக வாளிக்குள் விழுந்தது. பிறகு கத்தரி நின்றது. சுருள் தானாகப் பிரிந்தது.

வெளியே வந்து சொன்னார்: “முக்கால்வாசி நல்லா இருக்கு. இது எப்பவோ ஒட்டிக் கட்டியாயிருக்கணும். யாரோ வருஷா வருஷம் பிரிச்சுக் காத்து காட்டியிருக்காங்க.”

மைமூன் அக்காவுக்குப் போன் செய்து சொன்னேன். “பட்டுக்குச் செய்றதத்தானே செஞ்சோம்” என்றார்.

குணா கிளம்பவில்லை. “எவனுக்காக உசுரக் கையில புடிச்சேன்னு நான் பாக்கணும்.”

கவிதா சுருளின் ஒரு படச்சட்டத்தை விளக்குக்கு நேரே பிடித்து, கணினித் திரையில் பெரிதாக்கிக் காட்டினார். கப்பல் தலைவன் வேடம், நீதிமன்றக் கூண்டு, வாய் முழுக்கத் திறந்து ஆர்லோ ஃபென்விக். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. படத்தில் யாருக்கும் கேட்காது என்று தெரிந்தும், கடைசி வரிசைக்காரனை எழுப்பும் அந்தக் குரலை அவர் முழுசாகவே கொடுத்திருக்கிறார்.

“என்ன கத்துறாரு?” என்றார் குணா.

“தெரியாது. வசனம் எழுதிக் காட்டுற அட்டை கிடைக்கலை” என்றேன்.

குணா திரைக்குப் பக்கத்தில் போய் நின்றார். அந்த வாயைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குரலைக் கனமாக்கிக்கொண்டு சொன்னார்:

“ஏறும்போதே சொல்லித் தொலைடா, பாவி!”

கவிதா சிரித்துவிட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

சனிக்கிழமை இரவு, விமான நிலையம். எத்தனை சோப்பு போட்டும் விரலில் அந்தப் புளித்த நெடி போகவில்லை. எங்கள் ஊரிலும் பட்டுப் புடவையை மடிப்பு மாற்றித்தான் வைக்கிறோம். எங்கள் ஊமைப்படச் சுருள்களையோ, அதிலிருக்கும் வெள்ளிக்காக உருக்கித் தீர்த்தோம். ஃபென்விக்கைப்போல வாய் திறந்தவர்கள் எங்களுக்கும் இருந்தார்கள். புத்தகத்தின் முதல் பக்கத்தைப் போனில் திருத்தினேன். ‘ஒன்றும் மிஞ்சவில்லை’ என்ற வரியை அடித்தேன். அந்த இடத்தில் என்ன எழுதுவது என்று பிடிபடாமல், விமானம் ஏறும்வரை நின்றுகொண்டே இருந்தேன். எதிரே காலி நாற்காலிகள் இருந்தன.