உள்ளே விட்ட துணி

"வலிக்குப் பத்துக்கு எத்தனை கொடுப்பீர்கள்?" என்று கேட்டார் மருத்துவர். மருத்துவரம்மா பேசுவது வேறு மொழி. நான் தமிழில் சொன்னேன்.

தையற்கடை அக்கா தன் பத்து விரல்களையும் மேசைமேல் பரப்பி, துணியின் அகலம் பார்ப்பதுபோல் பார்த்தார். "நாலு."

நான்கு என்றேன்.

"காலையில் விரல்களை மடக்க எவ்வளவு நேரம் ஆகிறது?"

"வெந்நீர்ல முக்கினா சரியாயிடும்னு சொல்லு."

சொன்னேன்.

"உடம்பு திடீரென்று கொதிப்பது குறைந்திருக்கிறதா?"

"அது பாட்டுக்கு வருது, அது பாட்டுக்குப் போகுது. நானா வெத்தலை வச்சுக் கூப்பிட்டேன்?"

முதல் பாதியை மட்டும் மொழிபெயர்த்தேன். மருத்துவர் எழுதிக்கொண்டு நிமிர்ந்தார். "இந்த வலியும் கொதிப்பும் மாத்திரையால் வருவது. ஐந்துக்கு மேல் போனால் மறைக்காமல் சொல்லுங்கள். வேறு மாத்திரை இருக்கிறது, மாற்றிப் பார்க்கலாம். நான்கு என்றால் இதையே தொடரலாம். ஆனால் நீங்களாக நிறுத்திவிடக் கூடாது. ஐந்து வருடத்தில் ஒன்றரைதான் முடிந்திருக்கிறது. பாதியில் விட்டால் மார்பில் வந்தது வேறு இடத்தில் திரும்பி வரலாம்."

"நிறுத்துவேனா? எனக்கென்ன பைத்தியமா?" என்றார் அக்கா. அதை முழுவதுமாக மொழிபெயர்த்தேன்.

வெளியே வந்ததும் லிஃப்ட் பொத்தானை அவர் முழங்கையால் அழுத்தினார். அதை நான் பார்த்தேன். கேட்கவில்லை.

எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில், சலவைக் கடைக்கும் சாவிக் கடைக்கும் நடுவில் இருக்கிறது அவருடைய தையற்கடை. வாடிக்கையாளர்கள் அவரை 'ரெண்டு இன்ச் அக்கா' என்பார்கள். மற்ற தையற்காரர்கள் தையலுக்கு உள்ளே ஒரு அங்குலம் துணி விட்டால் இவர் இரண்டு விடுவார். உடம்பு பெருத்துப்போய் யாராவது கூச்சத்தோடு வந்து நின்றால், அவர் கேள்வி எதுவும் கேட்பதில்லை. உடையை உள்புறமாகத் திருப்பிக் காட்டுவார். "இருக்கு பாருங்க உள்ள. பிரிச்சு விட்டா ஆச்சு." ஆயத்த ஆடைகளை மட்டும் அவரால் மன்னிக்க முடிவதில்லை. "உள்ள ஒரு நூல் கூட விட மாட்டானுங்க, கஞ்சப் பிசினாறிங்க."

மாத்திரை தொடங்கிய பிறகு தன் உடைகளையே இரண்டு முறை பிரித்து விட்டாயிற்று. அறுவை செய்த இடது பக்கத்துக்குப் பஞ்சு வைத்து அவரே ஒரு திண்டு தைத்துக்கொண்டார். அதற்குள் ஜன்னல் திரையின் அடியில் வைக்கும் ஈயக் குண்டுகள் நான்கு. "ரெண்டு பக்கமும் ஒரே கனம் இருக்கணும். இல்லேன்னா தோள் சாஞ்சு கழுத்துப்பட்டி கோணும்." இதைச் சொல்லும்போது அவர் குரல் வேறு யாருடைய உடம்புக்கோ அளவெடுத்த குரலாக இருக்கும்.

உடம்பு கொதிப்பதை அவர் 'அடுப்பு' என்பார். அளவெடுத்துக்கொண்டிருக்கும்போதே கழுத்திலிருந்து நெற்றி வரை சிவப்பு ஏறும். வாயில் குண்டூசிகள் இருப்பதால் பேச முடியாது. ஒரு விரலை உயர்த்தி, ஒரு நிமிடம் என்று காட்டிவிட்டு உள்ளே போவார். குளிர்சாதனப் பெட்டியில் பால் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய பழைய கத்தரிக்கோல் இருக்கிறது. அதை எடுத்துக் கழுத்தில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி நிற்பார். ஒரு நாள் உடையை மாற்றிப் பார்த்துவிட்டு வெளியே வந்த பெண் அந்தக் கோலத்தைக் கண்டு அலறிவிட்டாள். அக்கா குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "பயப்படாதீங்க, உங்க கால்சட்டைய முடிக்காம நான் எங்கயும் போக மாட்டேன்."

அவர் கணவர் பேருந்து ஓட்டுநர். வண்டியை எடுக்குமுன் பிரேக் பார்ப்பதுபோல், தினமும் வேலைக்குக் கிளம்புமுன் மாத்திரை அட்டையை எடுத்து எண்ணிப் பார்ப்பார். மின்விசிறியை அக்கா முழுவேகத்தில் வைப்பதால் அவர் கம்பளித் தொப்பியோடுதான் தூங்குகிறாராம். "எங்க கட்டில்ல ரெண்டு தேசம். என் பக்கம் பாலைவனம், அவர் பக்கம் பனிமலை. நடுவுல எல்லைக்கோடு மாதிரி ஒரு தலகாணி." அவரைக் குறைசொல்லும்போதெல்லாம் அக்காவின் முகத்தில் ஒரு பெருமை தெரியும்.

காலையில் முதல் வேலை, வெந்நீர்க் கிண்ணத்தில் விரல்களை ஊறவைப்பது. "காலருக்குள்ள வைக்கிற கேன்வாஸ் மாதிரி இருக்கு. தண்ணி பட்டாத்தான் வளையுது." பத்து மணி வரை சுண்ணக்கட்டியால் கோடு போடுவார், துணி வெட்டுவார், தேய்ப்பார். ஊசியை அதற்குப் பிறகுதான் தொடுவார். மாத்திரை அட்டையைக் கட்டைவிரலால் அழுத்த முடியாது என்பதால் தையல் பிரிக்கும் முள்ளால் அதன் முதுகைக் கீறித் திறப்பார். சில சமயம் பொருள்களின் பெயர் வாயில் வராது. "அந்த இதை எடும்மா, அதான்… நீளமா, நம்பர் போட்டிருக்குமே." அளவு நாடா அப்போது அவர் கழுத்திலேயே தொங்கிக்கொண்டிருக்கும்.

மருத்துவமனைக்குத் துணையாக அவர் என்னைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் சொன்னார். "ரெண்டு பாஷை தெரிஞ்சவங்க இந்தக் கட்டடத்துல நாலு பேரு இருக்காங்க. வாயத் தொறக்காதவ நீ ஒருத்திதான்."

அந்தச் சந்திப்புக்கு ஒரு மாதம் கழித்து, ஒரு பிற்பகலில், சட்டைக்குப் பொத்தான் வைக்கப் போயிருந்தேன். மேசையில் ஒரு நாடகக் குழுவுக்கான கோட்டுகள் குவிந்திருந்தன. மொத்தம் பதினாறு. ஒவ்வொன்றிலும் ஆறு பொத்தான் துளைகள், எல்லாம் கையால் போட வேண்டியவை. இயந்திரத்தில் போட்ட துளை அவருக்கு ஆகாது. என்னைப் பார்த்த நேரத்தில் அடுப்பு பற்றிக்கொண்டது. "வட்ட டப்பாவுல வெள்ளைப் பட்டன் இருக்கு, பொறுக்கி வை" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனார்.

அலமாரியில் இரண்டு வட்ட டப்பாக்கள் இருந்தன. கைக்கு எட்டியதைத் திறந்து ஒன்றை எடுத்தேன். இருபுறமும் திருப்பிப் பார்த்தேன்.

"அக்கா, இதுல ஓட்டையே இல்லையே."

அக்கா கத்தரிக்கோலைக் கழுத்தில் வைத்தபடியே வந்து நின்றார்.

"போட மறந்துட்டான் போல" என்றார். நான் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

"எத்தனை இருக்கு?"

எண்ணினேன். "பதினொண்ணு."

"பதினொண்ணா? ஒம்பதுன்னு நெனச்சேன்."

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "அவர் அட்டைய எண்ணுவாருல்ல, அதான் தினம் ஒண்ணு கீறி எடுத்து இதுல போட்டுடறது. இந்தக் கோட்டு முடியிற வரைக்கும்னு நெனச்சேன். விரல் இளகிச்சும்மா, பொய் சொல்ல மாட்டேன். நேத்து ஊசியில ஒரே தடவையில நூல் கோத்தேன்." முடிந்த கோட்டு ஒன்றின் விளிம்பைத் தடவினார். "ஆனா ஒண்ண முடிச்சு மாட்டும்போதெல்லாம், இதைப் போட்டுக்கிட்டு அவங்க மேடையில ஏறுறத நான் பாப்பேனான்னு தோணுது. ஊசி பிடிக்க வேணும்னா மாத்திரைய விடணும். மாத்திரைய விட்டா ஊசி பிடிக்க ஆள் இருக்கணுமே."

"அன்னிக்கு நாலுன்னு சொன்னீங்களே அக்கா."

"சொன்னேன்."

"நிஜமா எத்தனை?"

அவர் கழுத்திலிருந்து அளவு நாடாவை எடுத்து, விரலில் சுற்றி, அவிழ்த்து, மறுபடி சுற்றினார். "எதையும் முழுசாக் காட்டி எனக்குப் பழக்கமில்லம்மா. ரெண்டு உள்ள விட்டுத்தான் வெட்டுவேன். அந்த டாக்டரம்மா முன்னாடி இருக்கிறது அத்தனையையும் விரிச்சுப் போட்டுட்டா, அப்புறம் உள்ள என்ன மிச்சம்?"

நான் மருத்துவமனைக்குத் தொலைபேசியில் பேசினேன். விட்டதை எல்லாம் சேர்த்துப் போட வேண்டாம், இன்றைக்கானதை மட்டும் இன்று போடட்டும், நாளை மறுநாள் காலை வந்து மருத்துவரைப் பார்க்கட்டும் என்றார் செவிலியர். அக்கா முள்ளால் அட்டையைக் கீறி, ஒன்றை எடுத்து, எனக்குத் தெரியும்படி வாயில் போட்டுக்கொண்டார். அன்று மாலை, கம்பளித் தொப்பிக்காரரிடம் டப்பாவைக் காட்டினாராம். அவர் இரண்டு முறை எண்ணினாராம்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் போனோம். காத்திருக்கும் கூடத்தில் எங்கள் எண்ணைக் கூப்பிட்டார்கள். அக்கா எழுந்தார். என் சட்டைத் தோளில் தொங்கிய ஒரு நூலைக் குனிந்து பல்லால் கடித்து எடுத்தார். அப்படியே என் காதோரம் சொன்னார்:

"இங்க பாரும்மா. உள்ள போனா என் வாய் நாலுன்னுதான் சொல்லும். நீ அந்த ரெண்டைப் பிரிச்சு விட்டுச் சொல்லிடு."