சால்வைக்குள் நாலு கிலோ

டெல்லியிலிருக்கும் மகளைப் பார்க்க, கோவையில் முதன்முறையாக விமானம் ஏறினேன். கைப்பையை எடை போட்டபோது, நாலு கிலோ நாட்டுச் சர்க்கரையைச் சால்வைக்குள் மறைத்துக்கொண்டேன்.

கிளம்பிய சிறிது நேரத்திலேயே ஏதோ கோளாறென்று விமானம் திரும்பியது. ஆனால் இறங்கவில்லை. சூலூர்க் குளம் ஜன்னலில் மூன்றாவது முறையாகத் தெரிந்தது. இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டும் அறிவித்தார்கள். பக்கத்து இருக்கைக்காரரைக் கேட்டேன்.

"எடை அதிகமா இருக்குதாமுங்க. குறைஞ்சாத்தான் இறக்குவாங்களாம்."

உடனே சால்வையை அவிழ்த்தேன். சர்க்கரைப் பொட்டலத்தைப் பணிப்பெண்ணிடம் நீட்டி, "நான்தானுங்க ஒளிச்சுப்போட்டேன், மன்னிச்சுக்கோங்க" என்று அழுதேன். அதே மனிதர், "உங்களாலதான் எல்லாரும் சாகப்போறோம்!" என்று கத்தினார். ஒருவர் என்னை வீடியோ எடுத்தார்.

"உங்க பை இல்லீங்கம்மா" என்றார் பணிப்பெண், நல்ல தமிழில். "டெல்லி வரைக்கும் போட்ட எரிபொருளோட எடை அது. கொஞ்சம் எரிஞ்சு குறைஞ்சாத்தான் பத்திரமா இறங்க முடியும்."

தமிழ் தெரிந்தவர் உள்ளேயேதான் இருந்திருக்கிறார்!

ஒரு மணி நேரம் சுற்றிவிட்டுப் பத்திரமாக இறங்கினோம். கத்தியவர் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் போனார்.

இப்போதெல்லாம் நான் எதையும் ஒளிப்பதில்லை. ஏறியதுமே பணிப்பெண்ணிடம் சொல்லி வைத்துவிடுகிறேன்: "கண்ணு, எது நடந்தாலும் தமிழ்லயும் ஒரு வார்த்தை சொல்லிப்போடு. செத்தாலும் வெவரம் தெரிஞ்சு சாகறோம்."