அப்பா வெட்டிய ஓடை

ஈரத்தில் அழுகும் சின்ன வெங்காயத்தின் நாற்றம் மூக்கில் ஏறினால் எனக்கு இன்றும் அப்பா மேல்தான் கோபம் வருகிறது. நான் ஆறாம் வகுப்பு படித்த வருஷம், செட்டிகுளத்துக்குக் கிழக்கே சரிவில் கிடந்த எங்கள் "காட்டில்", அதாவது புன்செய் நிலத்தில், ஐப்பசி மழைத் தண்ணீர் இரண்டு நாள் நின்றது; அப்பாவின் அண்ணன், மேல்காட்டுக்காரரான பெரியப்பா, தன் வெங்காயத்தைக் காப்பாற்ற வரப்பை வெட்டித் தண்ணீரை எங்கள் பக்கம் தள்ளிவிட்டிருந்தார்.

அப்பா மண்வெட்டியை எடுத்து, கீழேயிருந்த ஓடைக்கரை வரை நேராக ஒரு வாய்க்கால் இழுத்தார்.

"வளைச்சு விடுங்க, நேரா விட்டா மண்ணையும் சேத்து இழுத்துட்டுப் போயிடும்" என்று அம்மா கத்தினாள்.

"வெங்காயம் அழுவுது, நீ வளைவு பாக்குறியா? போடி" என்றார் அப்பா.

வெங்காயம் பிழைத்துவிட்டது, அதுதான் வினை. தான் செய்ததே சரி என்று ஒவ்வொரு ஐப்பசியிலும் அவர் அந்த வாய்க்காலை இன்னும் ஆழமாக்கினார்.

ஓடைக்கரையிலிருந்து தண்ணீர் குதித்த இடத்தில் முதலில் ஒரு குழி விழுந்தது. மேலே கரிசல் இறுகியிருக்க, அடியிலிருந்த வெளுத்த, பொலபொலவென்று உதிரும் "சுக்கான்" மண்ணைத் தண்ணீர் குடைந்தது; தாங்கலில்லாத மேல்மண் பொத்தென்று சரிந்தது; சரிந்த விளிம்பிலிருந்து தண்ணீர் மறுபடி குதித்து, மறுபடி குடைந்தது. தண்ணீர் கீழே போகப் போக, பள்ளம் மழைக்கு மழை மேலே ஏறி வந்தது. நான் பிளஸ் டூ முடிப்பதற்குள் எங்கள் காட்டை நடுவில் பிளந்து தின்றுவிட்டு மேல்காட்டு வரப்பைத் தொட்டது.

அன்றுதான் பெரியப்பா பல வருஷத்துக்குப் பிறகு எங்கள் வாசலுக்கு வந்தார். "தம்பி, நாலு வண்டி கல்லப் போட்டு அடைச்சிருவோம்ப்பா. எங்காடும் போயிடும் போலருக்கு."

அப்பா கட்டிலை விட்டு எழவில்லை. "போவட்டும்ணே. ஒங்க தண்ணிதானே" என்று சிரித்தார்.

சொந்தக் காடு போன துக்கத்தைவிட அண்ணன் காடு போகும் சந்தோஷம் பெரிதாகத் தெரிந்த அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவில்லை. அவர் செத்த பிறகும் மன்னிக்கவில்லை.

இப்போது அங்கே இரண்டு காடும் இல்லை. மூன்று ஆள் ஆழத்துக்கு மடிப்பு மடிப்பாகச் செங்குத்துச் சுவர்கள் நிற்கின்றன. டவுன் பையன்கள் பைக்கில் வந்து விளிம்பில் நின்று போட்டோ எடுக்கிறார்கள்.

"அக்கா, இது உருவாவ எத்தன லட்சம் வருஷம் ஆயிருக்கும்?" என்று போன மாதம் ஒருவன் கேட்டான்.

"பன்னெண்டு வருஷம்" என்றேன். "எங்கப்பாவும் பெரியப்பாவும் மொறச்சிக்கிட்டு இருந்த வருஷந்தான்."