ஹோஸ்பெஸ் பரம்பரை

மடிப்பு என்றால்தான் அவரை எல்லாருக்கும் தெரியும். பத்தொன்பது வருஷம் ஒரு பெரிய ஹோட்டலில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டவர். அவர் மடித்த விரிப்பின் ஓரத்தில் கத்தரிக்காய் நறுக்கலாம் என்று உடன் வேலை பார்த்தவர்கள் கேலி செய்வார்கள். ஹோட்டலை மூடிவிட்டார்கள். மடிப்பு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துக்கு வந்து சேர்ந்தார்.

உடம்புதான் வந்தது, மனசு வரவில்லை. விரிப்புகளைச் சுருட்டாத குறையாக மடித்து அனுப்பினார். "அங்க வந்தவங்க விருந்தாளிங்க. இங்க வர்றவங்க வேற வழியில்லாம வர்றவங்க" என்று வீட்டில் ஒரே புலம்பல்.

மொழியியல் படிக்கும் மகள் விடுமுறைக்கு வந்திருந்தாள். மூன்றாம் நாள் அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

"அப்பா, ஹோட்டல், ஹாஸ்பிடல், நான் இருக்கிற ஹாஸ்டல், மூணும் ஒரே குடும்பம். லத்தீன்ல 'ஹோஸ்பெஸ்'னு ஒரு வார்த்தை. அதோட பேரப்பிள்ளைங்கதான் இதெல்லாம்."

"அப்படின்னா?"

"விருந்தாளி. விருந்தாளியை வரவேற்கிறவருக்கும் அதே வார்த்தைதான்."

"வந்தவனுக்கும் வீட்டுக்காரனுக்கும் ஒரே பேரா? நல்ல கூத்து!"

"அப்போ நீங்க வேலையே மாறலைங்க," என்றாள் மனைவி சமையலறையிலிருந்து. "மூஞ்சியை மட்டும் எதுக்கு மாத்தி வச்சிருக்கீங்க?"

அடக்கப் பார்த்தும் மடிப்புக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் வார்டுக்குப் போன விரிப்புகளைப் பார்த்த நர்ஸ், "என்ன, மந்திரி யாராவது வர்றாரா?" என்று கேட்டார்.

"இல்ல சிஸ்டர். விருந்தாளிங்க இருக்காங்கல்ல."

இரண்டு மாதம் கழித்து அவருக்கே வயிற்றுவலி. குடல்வால் வீங்கியிருக்கிறது என்று அதே ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்தார்கள். நாலு நாள், தான் தேய்த்த துணியிலேயே படுத்துக் கிடந்தார். விரிப்பைக் குறை சொல்ல முடியவில்லை. தலையணை உறைதான் படுத்தியது. அதன் நட்டநடுவில் குத்தியிருந்த ஆஸ்பத்திரி முத்திரையின் மை தடித்துக் காய்ந்து, எந்தப் பக்கம் திரும்பினாலும் கன்னத்தில் உறுத்தியது. எத்தனை நூறு உறைகளைத் தேய்த்திருப்பார்! ஒரு நாளாவது தோன்றியிருக்கக் கூடாதா என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

வேலைக்குத் திரும்பியதும், புதிதாக வந்த உறைகளில் முத்திரையை உள்மடிப்பில் குத்தினார். மேற்பார்வையாளர் பிடித்துக்கொண்டார்.

"யாரைக் கேட்டு மாத்துனீங்க?"

"யாரையும் கேக்கல சார். நாலு நாள் படுத்துப் பார்த்தேன்."

மேற்பார்வையாளர் பழைய உறை ஒன்றை எடுத்தார். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, மெதுவாகத் தன் கன்னத்தில் வைத்து அழுத்திப் பார்த்தார்.

"சரி, இனிமே எல்லாத்தையும் உள்ளயே குத்துங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.