மேற்கு ஜன்னலுக்கு ஒரு தட்டி

நான் மூன்றாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையில் அப்பாவும் வீட்டிலேயே இருந்தார். அம்பத்தூரில் அவர் வேலை பார்த்த கம்பெனிக்கும் லீவு விட்டிருக்கிறார்கள் என்றார்கள். பள்ளிக்கூடத்துக்கு விடும்போது கம்பெனிக்கு விடுவதில் எனக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. ஆனால் அதை வெளியில் சொல்லக் கூடாதாம். யார் கேட்டாலும், அப்பா முதல் ஷிப்ட், விடியுமுன்பே ரயிலுக்குப் போய்விட்டார் என்று சொல்ல வேண்டும். அப்பா பகலெல்லாம் உள்ளேயே இருந்துவிட்டு, நாலு மணிக்கு முகம் கழுவி, சட்டை மாட்டி, அப்போதுதான் வேலையிலிருந்து திரும்பியவர் போல வாசலில் போய் நிற்பார். எனக்கு அது ரொம்பப் பிடித்த விளையாட்டாக இருந்தது.

திருநின்றவூரில் நாங்கள் குடியிருந்தது ஒரே அறையும் சமையலறையும் கொண்ட, கான்கிரீட் கூரை போட்ட தரைத்தள வீடு. வீட்டுக்காரர் நாகரிகமாக இருக்கட்டும் என்று தெருப்பக்கத்து ஜன்னலுக்குக் கண்ணாடிக் கதவு வைத்திருந்தார். அது மேற்கு பார்த்த ஜன்னல். உச்சி சாய்ந்ததும் வெயில் அதன் வழியாக வந்து, தரையில் நகர்ந்து, பாயில் ஏறி, எதிர்ச் சுவரில் போய்ப் படுக்கும். அம்மாவும் நானும் வருஷக்கணக்காக அதனோடு வாழ்ந்துவந்தோம். பகலில் வீட்டில் இருந்தே பழகாத அப்பாவுக்குத்தான் அது புதிதாக இருந்தது. "இவ்ளோ சூடா இருக்குமா நம்ம வீடு?" என்று முதல் நாள் கேட்டார். அம்மா எட்டு மாதத் தம்பியின் முதுகில் வேர்க்குரு பவுடர் போட்டுக்கொண்டிருந்தாள்.

அப்பா ஜன்னலை எப்படி மூடுவது என்ற ஆராய்ச்சியில் இறங்கினார். கரண்ட் போனால் ஏற்ற வைத்திருந்த மெழுகுவர்த்திதான் அவருடைய கருவி. அதை ஜன்னலுக்கு இரண்டடி தள்ளி ஒரு தட்டில் நிறுத்திவைப்பார். மூன்று மணிக்குள் எவ்வளவு கூன் விழுகிறது என்று நானும் அவரும் குனிந்து பார்ப்போம். பழைய கறுப்புப் போர்வையைக் கட்டிய அன்று அறை இருட்டாகி, குகைக்குள் இருப்பது போல் எனக்குக் கனவு கனவாக வந்தது. ஆனால் போர்வையைத் தொட்டால் தோசைக்கல். மெழுகுவர்த்தி தலை தட்டில் படுமளவு வளைந்து வணங்கியது. அடுத்து அம்மாவின் வெள்ளைப் புடவையை இரண்டாக மடித்துக் கட்டினார். அறை பாலுக்குள் மிதப்பது போல வெளிச்சமாக இருந்தது. மெழுகுவர்த்தி லேசாகத் தலையாட்டியதோடு சரி. ஜெயித்தது வெள்ளைதான் என்று நான் கைதட்டினேன். அப்பாவோ என்னைத் தெருவில் போய் நின்று பார்க்கச் சொன்னார்.

"உள்ள நான் நடக்கிறது தெரியுதா?"

"நல்லா தெரியுதுப்பா. நெழல் மாதிரி."

புடவையை அவிழ்த்துவிட்டு மறுபடியும் கறுப்பையே கட்டினார். சூடு குறைவானதை விட்டுவிட்டு அதிகமானதை ஏன் எடுத்தார் என்று கேட்டதற்கு, "உனக்குப் புரியாது" என்றார். அது சரிதான்.

அம்மாதான் ஒரு காலை கடைசியாகச் சொன்னாள். "கண்ணாடியத் தாண்டி உள்ள வந்த வெயிலுக்குத் துணி போட்டு என்ன ஆகப்போவுது? அதை வெளியிலயே நிறுத்தணும்." சொன்னதோடு ஸ்டேஷன் பக்கம் போய், பச்சைச் சாயம் அடித்த மூங்கில் தட்டி ஒன்றைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு வந்தாள். ஜன்னலுக்கு வெளியே, மேலே இரண்டு ஆணி அடித்துத் தொங்கவிட்டால் போதும். நிழலும் வரும், மூங்கில் சந்தில் காற்றும் வரும்.

அப்பா தட்டியைத் தடவிப் பார்த்தார். "நாலு மணிக்கு மேல மாட்டிடுறேன்" என்றார்.

அன்றைக்குப் பார்த்துப் பன்னிரண்டு மணிக்குக் கரண்ட் போய்விட்டது. மின்விசிறி நின்றதும் வீடு மூச்சை அடக்கிக்கொண்டது. தம்பி அழுதான். அம்மா ஈரத்துணியால் துடைத்தாள், விசிறினாள். அவன் இன்னும் அழுதான். பிறகு அழுகையை நிறுத்திவிட்டான். தூங்கிவிட்டான் என்று நான் நினைத்தேன். அம்மா அவன் கன்னத்தைத் தட்டி, "பால்கூட குடிக்க மாட்டேங்குறான், உடம்பு கொதிக்குது" என்றாள். குரல் அவளுடையது போல இல்லை.

அப்பா எழுந்தார். பனியனோடு, ஸ்டூலையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தார். மணி ஒன்று. தெருவே வெள்ளையாக எரிந்துகொண்டிருந்தது. நான் தட்டியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனேன்.

முதல் ஆணி இறங்கியது. இரண்டாவது ஆணி அப்பாவின் வாயில் இருந்தது. அப்போது எதிர்வீட்டு மாமா தெருமுனையில் திரும்பி வந்தார். தினமும் காலை ஏழு மணிக்குப் பட்டாபிராம் பக்கம் வேலைக்குப் போகிறவர் அவர். எங்களைப் பார்த்ததும் தயங்கி நின்றார்.

"இன்னா அண்ணாத்தே, மொத ஷிப்ட்டு அதுக்குள்ள முடிஞ்சிச்சா?"

சுத்தியல் அந்தரத்தில் நின்றது. நான் எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடத்தைச் சொல்ல வாயைத் திறந்தேன். அப்பா ஆணியை வாயிலிருந்து எடுத்தார்.

"ஷிப்ட்டே இல்லைங்க. கம்பெனிய மூடி ஒன்றரை மாசம் ஆச்சு. வீட்லதான் இருக்கேன். புள்ளைக்கு வெயில் ஒத்துக்கல."

மாமா கையிலிருந்த சோற்றுப் பையைச் சுவரோரம் வைத்தார். என்னிடமிருந்து தட்டியை வாங்கி உயர்த்திப் பிடித்தார். "அடி அண்ணாத்தே, நான் புட்ச்சிகினு கீறேன்" என்றார். இரண்டாவது ஆணி இறங்கியதும் தரையைப் பார்த்தபடி சொன்னார்:

"எங்க கம்பெனியும் மூடிட்டாங்க. பொங்கலுக்கு முன்னாலயே."

"அப்ப தினம் காலைல..."

"ஏரிக்கரைதான். மரத்தாண்ட குந்திகினு, சோத்தத் துன்னுட்டு, சாயங்காலம் ட்ரெயினு கும்பலோட சேர்ந்து ஊட்டுக்கு வந்துருவேன். ஊட்ல தெரியாது. இன்னிக்கு அவ தாய் ஊட்டுக்குப் பூட்டா. வெயிலு தாங்கல, அதான் வந்துட்டேன்."

அப்பா அவரைப் பார்த்தார். அவர் அப்பாவைப் பார்த்தார். திடீரென்று இருவரும் சிரிக்கத் தொடங்கினார்கள். அப்பா ஸ்டூலிலிருந்து இறங்கி சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தார். அந்த விடுமுறையில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

தட்டியைத் தொங்கவிட்டதும் அறை குளத்தின் அடியைப் போலப் பச்சையாகிவிட்டது. அம்மா வெளியே வந்து மூங்கிலின்மேல் ஒரு செம்புத் தண்ணீரைத் தெளித்தாள். தரையில் மெல்லிய வெளிச்சக் கோடுகள் ஆடின. காற்று எங்கிருந்தோ தேடிப்பிடித்து உள்ளே வந்தது. கொஞ்ச நேரத்தில் தம்பி கண்ணைத் திறந்து, கோடுகளைப் பிடிக்கக் கையை நீட்டினான். பாலும் குடித்தான். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு எல்லோருக்கும் மோர் கொடுத்தாள். அப்பாவும் மாமாவும் சுவரில் சாய்ந்து, கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

எனக்கு மட்டும் ஒரு யோசனை ஓடிக்கொண்டிருந்தது. நான் மாமாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"மாமா, நாளைக்கு ஏரிக்குப் போறப்ப என்னையும் கூட்டிட்டுப் போறீங்களா? நானும் சோறு கட்டிக்கிட்டு வரேன்."

மாமாவின் மோர் டம்ளர் பாதி வழியில் நின்றது. அப்பா தட்டியின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அடுப்பில் ஒன்றும் இல்லாதபோதும் அம்மா எழுந்து சமையலறைக்குப் போனாள். மாமா என் தலையில் கையை வைத்து, "ஏரில தண்ணி இல்ல பாப்பா" என்றார்.

நான் நம்பவில்லை. மரமும் காற்றும் கட்டுச்சோறுமாக அவ்வளவு நல்ல இடம். அதைப் பெண்டாட்டியிடம்கூடச் சொல்லாமல் இத்தனை மாதம் தனியாக அனுபவித்திருக்கிறாரே என்று எனக்கு அவர்மேல் ஒரே கோபம். இரண்டு நாள் அவரோடு நான் பேசவே இல்லை.