சாவியை ஏன் எறிந்தான்?

நண்பர்களே, இன்று கடலூரில் ஓர் ஆங்கிலப் படத்தை மேட்னி காட்சியில் பார்த்துவிட்டு நானும் நண்பன் யூசுபும் சிதம்பரம் பஸ் ஏறினோம்.

படத்தில், வேற்றுக்கிரகத்து நோய் ஒன்று மனிதர்களை மிருகமாக்குகிறது. நோய் கண்ட நண்பனோடு ஒரு விஞ்ஞானி அறைக்குள் பூட்டிக்கொண்டு, சாவியை ஜன்னல் வழியே எறிந்துவிடுகிறான்.

"ஆராய்ச்சி வெறி, மச்சான். பைத்தியக்காரன்" என்றேன்.

யூசுப் சொன்னான்:

"பினாங்குல வேலை பார்த்தப்போ, என்னோட ரூம்ல இருந்த சலீமுக்குக் கடுமையா அம்மை போட்டுச்சு. கூடவே இருக்கேன்னு சொன்னேன். ரெண்டாம் நாளு, தண்ணி கொண்டாரேன்னு வெளிய வந்தவன் திரும்பிப் போவல. அவன் தனியாவே உசுரு போயி மவுத்தாயிட்டான். சாவி கையில இருந்தா ஓடிடுவோம்னு படத்துல அந்தாளுக்குத் தெரியும், மச்சான்."

சலீமின் அம்மா புவனகிரியில் இருக்கிறார். மகன் பக்கத்தில் கடைசிவரை யூசுப் இருந்தான் என்றே நம்பிக்கொண்டிருக்கிறார்.

புவனகிரியில் பஸ் நின்றதும் யூசுப் எழுந்தான். "நீ யாருகிட்ட வேணா சொல்லிக்கோ. மொதல்ல அவுங்ககிட்ட நான் சொல்லிடறேன்" என்று இறங்கிப் போனான்.

தியேட்டர் வாசலிலேயே தீர்ப்புச் சொல்லும் வழக்கத்தை நான் விட்டுவிடலாம் என்றிருக்கிறேன். படம் பார்த்தவர்களே, அந்த விஞ்ஞானி சாவியை எறிந்தபோது உங்களுக்கு என்ன தோன்றியது?